நாளை என்னவென்று தெரியாதபோது ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. பதினைந்து, இருபது பேர் வருவோம். பாய் விரித்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனை, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம், அப்புறம் யார் யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக்குறிப்புகள். நான் போதகர் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. குறிப்புகளை நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. பதில் கிடைத்த குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவேன். ஆசிரியைப் புத்தி, போகாது.

அந்த நோட்டைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கவலைதான். ஸ்கேன் ரிப்போர்ட் வர வேண்டும். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். மகனுக்கு விசா இழுத்துக்கொண்டே போகிறது. மகளுக்கு வரன் அமையவில்லை. நடந்துவிட்ட துன்பத்தைக்கூட ஆட்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களை வாட்டி எடுக்கிறது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் நாங்கள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி. ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்க சபையார் ஜெபம் என்ற இடத்தில் செபம் என்றும், கர்த்தர் என்ற இடத்தில் ஆண்டவர் என்றும் வாசித்துக்கொள்ளலாம். ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜெபம் பண்ணினால் நிஜமாகவே மனசுக்குச் சமாதானம் வருமா?

வரும். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருக்கிற வாசல் வழியாக வருவதில்லை.

இந்தக் கேள்விக்கு எல்லாரும் பிலிப்பியர் 4:6-7ஐத்தான் எடுப்பார்கள். “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள். அப்பொழுது, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்.” மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அதில் இல்லாதது ஒன்று உண்டு. கேட்டது கிடைக்கும் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. அந்த ‘அப்பொழுது’ பதில் வந்த அப்பொழுது இல்லை, தெரியப்படுத்திய அப்பொழுது.

பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதியபோது அப்போஸ்தலர் பவுல் சிறையில் இருந்தார். தீர்ப்பு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தில் பிழைப்பேனோ சாவேனோ என்கிற நிலையை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ‘காத்துக்கொள்ளும்’ என்பதற்குக் கிரேக்கத்தில் அவர் போட்ட சொல், ராணுவத்தில் காவல் நிற்பதற்குச் சொல்லும் சொல். பிலிப்பி பட்டணமோ ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்களைக் குடியமர்த்திய ஊர். படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். வாசலில் காவல்காரன் நிற்கிறான் என்றால் திருடன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று அர்த்தமில்லை. திருடன் வெளியே இருக்கும்போதே உள்ளே இருப்பவர் கண்ணயரலாம், அவ்வளவுதான்.

என் கணவருக்கு பயாப்சி எடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில்தான் எனக்கு இது புரிந்தது. முதல் ஐந்து நாட்கள் நான் ஜெபித்தது எல்லாம் ஒரே வரி: கட்டி சாதாரணமாக இருக்கட்டும். ஜெபித்து முடித்ததும் கவலை இரட்டிப்பாகும். ஆறாம் நாள் இரவு களைத்துப்போய், “எனக்குப் பயமாயிருக்கிறது ஆண்டவரே, இவர் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது” என்று மட்டும் சொன்னேன். அதுவரை ஆண்டவரிடம் ரிப்போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, என்னைப் பற்றி ஒரு வார்த்தை தெரியப்படுத்தவில்லை. ரிப்போர்ட் வந்தது பதினோராம் நாள். எனக்குத் தூக்கம் வந்தது ஆறாம் நாள்.

ஜெபித்த பிறகும் பயம் போகவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா?

இப்படிச் சொல்லித்தான் பலரை நொறுக்கிவிடுகிறார்கள். விசுவாசம் இருந்தால் பயம் இருக்காது என்று மேடையில் சொல்வது சுலபம்.

சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்துக்குப் போங்கள். இயேசு அங்கே ஒரே ஜெபத்தை மூன்று முறை ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். நண்பர்கள் விழித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்; அவர்களோ தூங்கிவிடுகிறார்கள். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் வானத்திலிருந்து தூதன் வந்து அவரைப் பலப்படுத்துகிறான். அடுத்த வசனம் என்ன? “அவர் மிகவும் வியாகுலப்பட்டு, அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார்.” தூதன் வந்த பிறகுதான் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாகத் தரையில் விழுகிறது. உதவி வந்தது, நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் தோட்டத்தைவிட்டு எழுந்து தூங்கும் சீஷரிடம் வந்து பேசுகிறவரின் குரலில் பதற்றம் இல்லை. நடுவில் எந்த நிமிஷத்தில் அது மாறியது என்று சுவிசேஷம் சொல்லவில்லை. நமக்கும் அப்படித்தான், பெரும்பாலும் பிறகுதான் தெரியும்.

கை நடுங்குவது உடம்பின் வேலை. அதை விசுவாசத்தின் மார்க் ஷீட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடவுள்மேல் கோபமாக இருக்கிறது. அதை அவரிடமே சொல்லலாமா?

சொல்லுங்கள். அவரிடம் சொல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுவீர்கள்.

சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆறே வசனம், முடியும்போது பாட்டாகிவிடுகிறது. ஆனால் 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதே இல்லை. முதல் வரியில் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று கூப்பிட்டதோடு சரி, கடைசி வரை இருட்டுதான். அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. நம் சபைகளில் அதைப் பிரசங்கத்துக்கு எடுப்பதும் இல்லை, அது வேறு கதை.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயல். படகில் தண்ணீர் நிரம்புகிறது, இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறது: “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?” மரியாதையான ஜெபமா இது? சண்டை. ஆனாலும் அவர் எழுந்தார். காற்றைத்தான் முதலில் அதட்டினார். இவர்களிடம் பேசியது அதற்குப் பிறகு.

2020 மார்ச் 27ஆம் தேதி, கொரோனாவில் இத்தாலி தத்தளித்துக்கொண்டிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்தெடுத்ததும் இதே பகுதியைத்தான். ரோமில் மழை. லட்சம் பேர் நிற்கும் புனித பேதுரு சதுக்கத்தில் ஒருவரும் இல்லை. 1522இல் கொள்ளைநோய் வந்தபோது ரோமின் தெருக்களில் பவனியாக எடுத்துச் சென்ற பழைய மரச் சிலுவையைக் கொண்டுவந்து நனையும்படி நிறுத்தியிருந்தார்கள். இங்கே ஊரடங்கு தொடங்கி மூன்றாம் நாள். நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள், போப்பாண்டவரின் ஆராதனையை எங்கள் வீட்டில் அதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கடைசி வரை பார்த்தோம். ஈரத்தில் மின்னிய அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது, உலகமே “உமக்குக் கவலையில்லையா” என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்றால் எல்.ஐ.சி. பாலிசி போடக் கூடாதா?

போடுங்கள். எகிப்தில் யோசேப்பு, நல்ல விளைச்சல் இருந்த ஏழு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்துத்தான் பஞ்சத்தைச் சமாளித்தார். திட்டமிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பாலிசி பத்திரத்தை நடுராத்திரியில் எடுத்து மூன்றாவது தடவை எண்ணிப் பார்க்கிறீர்கள் என்றால் அது திட்டம் இல்லை.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்கிறோம். இன்று. அடுத்த மாசத்துக்கு உள்ளதை அதில் கேட்க இடமே இல்லை. வனாந்தரத்தில் அன்றன்றைக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருந்த ஒரு தம்பியிடம், இந்த மாதம் முழுக்கப் பெரிய ஜெபம் எதுவும் வேண்டாம், காலையில் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறு என்றேன். வேலை போகத்தான் செய்தது, மூன்று மாதம் கழித்து. “நல்லவேளை டீச்சர், அந்த மூணு மாசத்தையும் சேர்த்துத் தொலைக்கல” என்றான்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை.

வராவிட்டால் பரவாயில்லை. “நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால்” என்று ரோமர் 8:26லேயே ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று அந்த வசனம் போகிறது. பெருமூச்சு ஜெபத்தில் சேர்த்தி.

எங்கள் பக்கம் எழுதி வைத்த ஜெபத்தை வாசித்தால் அதில் ஜீவன் இல்லை என்று ஓர் இளக்காரம் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மனசு உடைந்திருக்கும்போது சொந்தமாக வாக்கியம் அமைக்கச் சொல்வது, கால் உடைந்தவனை ஓடச் சொல்கிற மாதிரி. அந்த நேரத்துக்குத்தான் பரமண்டல ஜெபமும் சங்கீதங்களும் இருக்கின்றன. கத்தோலிக்கர்கள் கையில் செபமாலை உருட்டுவதும் இதற்குத்தான் என்று இப்போது விளங்குகிறது. மனசு எங்கேயோ போனாலும் விரல் அடுத்த மணிக்கு வந்துவிடுகிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார் பல நூறு வருஷமாக ஒரே வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லி வருகிறார்கள்: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும். மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. ஸ்கேன் எடுக்கிற மெஷினுக்குள் படுத்திருக்கும்போது இதைவிட நீளமான ஜெபம் எதுவும் ஓடாது.

எந்தச் சங்கீதத்தில் ஆரம்பிப்பது?

பயமாக இருந்தால் 27. பிரயாணம், பிரிவு என்றால் 121. ஊரே ஆடிப்போன மாதிரி செய்தி வரும் நாட்களில் 46: “தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்.” யாரோடும் பேசப் பிடிக்காத நாளில் 13. எல்லாருக்கும் தெரிந்தது 23. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

91ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொள்ளைநோய்க்குத் தப்புவிப்பார் என்று சொல்லும் அதைக் கொரோனா சமயத்தில் வாசலில் ஒட்டினார்கள், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அருமையான சங்கீதம், சந்தேகமில்லை. ஆனால் மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சாத்தான் எடுத்துக் காட்டியதும் இதே 91தான். அதைத் தாயத்தாக வைத்துக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றியவர்களுக்கு அந்த அதிகாரம் ஞாபகம் வந்திருக்கலாம்.

ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை யோசனைதான். என்ன செய்ய?

முதலில் போனை எடுக்காதீர்கள். ஜெபத்துக்கு முன்னால் அதுதான்.

அந்த நேரத்தில் யோசித்துத் தீர்த்த பிரச்சினை என்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் மடத்துத் துறவிகளுக்கு, படுக்கப்போகும் முன் தினமும் மாறாமல் அதே மூன்று சங்கீதங்களை வைத்தார்: 4, 91, 134. மற்ற நேரங்களுக்கு விதவிதமான சங்கீதங்கள். இரவுக்கு மட்டும் மாற்றம் கிடையாது. அதில் ஒரு ஞானம் இருக்கிறது. களைத்த மனசுக்குப் புதிதாக எதையும் கொடுக்கக் கூடாது. 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்து வையுங்கள்: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.” விளக்குப் போட வேண்டாம், எழுந்திருக்க வேண்டாம். நடுவில் தூங்கிப்போனால் ஜெபம் பாதியில் நின்றுவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம்.

கவலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் படுப்பார் எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர். “காலைல எடுத்துக்கறேன் ஆண்டவரே” என்பாராம். பாதி நாள் எடுக்க மறந்துவிடுகிறதாம்.

புதுவருஷ வாக்குத்தத்தம் எரேமியா 29:11 வந்தது. வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லையே?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் ஒரு சந்தோஷம். நானும் எடுப்பேன். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிக்க இடம். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்க்க வேண்டும்.

“நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்கிற அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி ஜனங்களைக் குஷிப்படுத்துகிறான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அதாவது அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்குத்தான் “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று எழுதப்படுகிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். காத்திருக்கிற இடத்திலேயே குடித்தனம் நடத்தச் சொல்கிறார்.

நிஜமாகவே ஆறுதல் தருவது இந்த முழுக் கடிதம்தான் என்பது என் எண்ணம். இரண்டு வருஷம் என்று சொல்கிறவர்களின் வீடியோக்கள் இன்றைக்கும் நிறைய வருகின்றன.

உபவாசம் இருந்தால், நேர்ச்சை வைத்தால் சீக்கிரம் கேட்பாரா?

இல்லை. உபவாசம் நம் காதைத் திறப்பதற்கு, அவர் காதைத் திறப்பதற்கு அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பு என்று ஓர் ஊழியக்காரர் சொல்கிறார். காணிக்கையும் அனுப்பச் சொல்கிறார்.

அனுப்பாதீர்கள், நிறுத்தாதீர்கள்.

லூக்காவைப் பவுல் “பிரியமான வைத்தியன்” என்று எழுதுகிறார். வயிற்றுக் கோளாறு இருந்த தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று அவரே வைத்தியம் சொல்கிறார். ஏன் விசுவாசிக்கவில்லை என்று கேட்கவில்லை.

மனம் சம்பந்தப்பட்டதானால் இன்னும் கவனம் வேண்டும். எலியாவைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. பெரிய வெற்றி கிடைத்த கையோடு உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குக் கடவுள் அனுப்பியது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். பேச்சு எல்லாம் நாற்பது நாள் கழித்து, மலையில். தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால் ஜெபமும் செய்யுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அந்த எண்ணுக்குப் போன் செய்வதும் அடையைச் சாப்பிடுவது மாதிரிதான்.

குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் வர மாட்டேன் என்கிறார்கள்.

எவ்வளவு நேரம் நடக்கிறது? முக்கால் மணி நேரம் என்றால் நானும் வர மாட்டேன்.

இன்னொன்று. “ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்க மாட்டேங்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சத்தமாக ஜெபிப்பதை நிறுத்துங்கள். அது ஜெபம் இல்லை, ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துத் திட்டுவது. அதற்குப் பதிலாக உங்கள் பயத்தைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள்: அப்பாவுக்கு வேலையில் என்ன ஆகும் என்று தெரியவில்லை, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பெரியவர்கள் அதை மறைக்காமல் ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பார்க்கும்போதுதான் அவர்களுக்கும் தைரியம் வருகிறது. பத்து நிமிஷம் போதும்.

தனியாக ஜெபித்தால் போதாதா? எதற்குக் கூட்டமாக?

பல நாட்கள் போதும். சில நாட்களில் போதாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அந்தக் கரை முழுக்கக் கத்தோலிக்க மீனவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் அது எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பிறகு நாள் நாளாகச் செய்திகள் வந்தன: இத்தனை பேர் வேறு மாநிலத்தில் கரை சேர்ந்தார்கள், இத்தனை பேரைக் காணவில்லை. காணாமல் போனவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டியதில் பங்குத்தந்தையருக்குப் பெரிய பங்கு இருந்தது.

பலரின் உடல் கிடைக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் எந்த ஜெபத்தைச் சொல்வாள்? பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்றா, இறந்தவனின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்றா? முதலாவதைச் சொல்ல நம்பிக்கை தேய்கிறது. இரண்டாவதைச் சொன்னால் தானே அவனைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். சொந்த வாயால் சொல்ல முடியாத அந்த ஜெபத்தை ஊர் சொல்ல வேண்டும். அவள் கோயிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்குப் பதிலாகச் சொல்வார்கள். இரண்டையும் சொல்வார்கள். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்திலும், “இந்த வாரம் என்னால் ஜெபிக்க முடியாது, நீங்கள் சொல்லுங்கள்” என்று வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அதற்கு அனுமதி கேட்கவே தேவையில்லை.

நான் கிறிஸ்தவர் இல்லை. ஜெபிக்கலாமா?

தாராளமாக. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?

நெகேமியா 2ஆம் அதிகாரத்தில் பாரசீக ராஜா தன் பணியாளரான நெகேமியாவிடம், “நீ கேட்கிற காரியம் என்ன” என்கிறான். நெகேமியா பதில் சொல்வதற்கு முன்னால் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினாராம். ராஜாவை எவ்வளவு நேரம் காக்க வைத்திருக்க முடியும்? இரண்டு விநாடி. ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தில் அதே மனுஷன் நாட்கணக்கில் அழுது, உபவாசித்து ஜெபித்திருக்கிறார். இரண்டும் வேண்டும். நீளமான ஜெபத்துக்கு நேரம் இல்லாத கைக்குழந்தைக்காரிகள் இரண்டு விநாடி ஜெபத்தையே நாள் முழுக்கச் செய்யலாம்.

உங்கள் ஜெபம் கேட்கப்பட்டதா, டீச்சர்?

இதைக் கேட்டது ஒரு கல்லூரிப் பெண். நேருக்கு நேராகக் கேட்டாள், எனக்குப் பிடித்திருந்தது.

அந்த பயாப்சி ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. கூட்டத்தில் சாட்சி சொன்னேன், நோட்டில் டிக் போட்டேன். மூன்று வருஷம் கழித்து என் கணவருக்கு வேறொரு வியாதி வந்தது; அதற்கும் அதே நோட்டில் பெயர் எழுதினோம், அதே ஆட்கள் அதே பாயில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். அவர் பிழைக்கவில்லை. தன் உடம்பில் முள்ளாகக் குத்திய ஒரு உபத்திரவம் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டதற்கு வந்த பதில் “என் கிருபை உனக்குப்போதும்” என்பதுதான். அப்போது எனக்கு அது போதவில்லை. ஒரு வருஷம் போல அதை நான் வாசிக்கவே இல்லை.

கடைசி வாரத்தில் அவருக்குத் தினமும் 23ஆம் சங்கீதம் வாசித்தேன். சின்ன வயசிலிருந்து மனப்பாடம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் எல்லாம் ‘அவர்’. அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அந்த இடத்தில் சட்டென்று, “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” அதுவரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவன், இருட்டுக்குள் நுழைந்ததும் அவரிடமே பேச ஆரம்பிக்கிறான். இதை என் கணவரிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமல், “இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கண்டுபிடிச்சியா” என்றார்.

அவள் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள், காட்டினேன். அவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவதற்குப் பக்கத்தில் டிக். இரண்டாவதை நான் அடிக்கவும் இல்லை, டிக் போடவும் இல்லை.